கல் வளையும் இடம்

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி இரவு, தென்கொரியாவின் கங்னுங் நகரத்துப் பனியரங்கில், குளிர்கால ஒலிம்பிக்கின் மகளிர் கர்லிங் வெண்கலப் பதக்கம் ஜப்பானுக்கா பிரிட்டனுக்கா என்ற வழக்கு, பத்தாவது சுற்றின் கடைசிக் கல் ஒன்றினால் தீரவேண்டிய கட்டத்துக்கு வந்திருந்தது. ஜப்பான் 4, பிரிட்டன் 3. அந்தக் கடைசிக் கல்லை விடவேண்டியவர் பிரிட்டிஷ் அணியின் தலைவியும் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பிரதேசத்துப் பெண்ணுமாகிய ஈவ் மியூர்ஹெட். அடக்கமாக ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைக் கூடுதல் சுற்றுக்குக் கொண்டுபோவது ஒரு வழி; துணிந்து இரண்டு புள்ளிகளுக்கு முயன்று அங்கேயே பதக்கத்தைக் கைப்பற்றுவது மற்றொரு வழி. அவர் துணிந்தார். கல் போயிற்று, மோதிற்று. ஆனால் எல்லாக் கற்களும் ஓய்ந்து நின்றபோது வட்டத்தின் மையத்துக்கு மிக அண்மையில் கிடந்தது ஜப்பானியரின் கல்தான். 5-3 என்ற கணக்கில் பதக்கம் கிழக்கே போயிற்று.

ஒரு பௌதிக நூலில் இந்த ஆட்டத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். மியூர்ஹெட்டின் கையைவிட்டுப் பிரிந்த அந்தக் கல் கடந்த பாதையில், முற்பகுதியைப் பற்றிச் சொல்லவேண்டியதை நியூட்டனின் விதிகளே ஏறக்குறையச் சொல்லிவிடுகின்றன. ஆனால் பதக்கங்களைக் கொடுப்பதும் பறிப்பதுமாகிய கடைசி ஆறேழு மீட்டர் தூரத்தில் அது ஏன் அவ்விதம் வளைகிறது என்ற கேள்விக்கு, நூறு ஆண்டுகளாகப் பௌதிக சாஸ்திரிகள் ஆளுக்கொரு விடை சொல்லிவருகிறார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்க்கையும் ஒரு தீராத விஞ்ஞானப் பிரச்சினையும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் பிரித்துச் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகப் போய்விடும் என்பது என் எண்ணம்.

ஆட்டத்தின் விதி எளியது. சுமார் 45 மீட்டர் நீளமும் 5 மீட்டருக்கு மேற்படாத அகலமும் கொண்ட பனித்தடத்தின் கோடியில் 3.66 மீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்று வரையப்பட்டிருக்கும். அணிக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு கற்கள், ஒரு சுற்றில் இரு தரப்பிலுமாகப் பதினாறு கற்கள். சுற்று முடிந்தபின், மையத்துக்கு மிக அருகில் யாருடைய கல் இருக்கிறதோ அவருக்கே புள்ளி. எதிராளியின் மிக நெருங்கிய கல்லைக்காட்டிலும் நெருங்கி நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி. ஒலிம்பிக்கில் பத்துச் சுற்றுகள். கல்லை விடுபவர், தடத்தின் இரு பக்கங்களிலும் குறுக்கே வரையப்பட்டிருக்கும் ஹாக் கோடுகளுள் தம் பக்கத்துக் கோட்டைத் தாண்டுமுன் கைப்பிடியை விட்டுவிடவேண்டும். விட்டாரா இல்லையா என்பதைக் கைப்பிடிக்குள் இருக்கும் மின்னணுக் கருவி விளக்கெரித்துக் காட்டிவிடுகிறது. அதன்பின் அவர் கூவலாம், கதறலாம்; கல்லைத் தொட மட்டும் உரிமை இல்லை.

இந்த விளையாட்டு ஸ்காட்லாந்தின் சொத்து. 1541-ஆம் ஆண்டிலேயே பெய்ஸ்லி மடத்தைச் சேர்ந்த துறவி ஒருவர் பனிமேல் கல் விடும் பந்தயத்துக்கு அறைகூவியதை ஒரு பத்திரப் பதிவாளர் எழுதிவைத்திருக்கிறார். கல்லும் அந்த நாட்டுக் கல்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கிளைடு முகத்துவாரத்தில், 338 மீட்டர் உயரத்துக்குக் கடலிலிருந்து நேரே எழும் எய்ல்ஸா கிரெய்க் என்ற மனித வாசமற்ற பாறைத்தீவு, ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்குமுன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. அங்கே கிடைக்கும் மிக நுண்ணிய மணிகளையுடைய கிரானைட் வகைகளுள் ஒன்று நீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. சாதாரணக் கல்லின் நுண்துளைகளில் புகும் நீர் உறைந்து விரிந்து கல்லைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். இந்தக் கல்லோ ஆண்டுக்கணக்கில் பனிமேல் உரசியும் வழவழப்புக் குலையாமல் நிற்கிறது. அதே தீவின் மற்றொரு வகை, மோதலைத் தாங்குவதில் சிறந்தது. ஆதலால் உடலுக்கு ஒன்றும், பனியைத் தொடும் அடிப்பாகத்துக்கு மற்றொன்றுமாக இரண்டையும் இணைத்துக் கல் செய்கிறார்கள். மாக்லின் ஊரில் 1851 முதல் நடந்துவரும் கேஸ் என்ற பட்டறைக்கே அத்தீவின் கல்லை எடுக்கும் உரிமை உண்டு. தீவு இப்போது கடற்பறவைகளின் சரணாலயம். வெடி வைத்துப் பாறை உடைக்கும் வழக்கம் நின்றுபோய், தளர்ந்து கிடக்கும் பாறைகளையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படகில் ஏற்றி வருகிறார்கள்.

கல்லின் எடை 20 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு கனமும் பனியைத் தொடுவது, உட்குழிந்த அடிப்பாகத்தின் விளிம்பில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு வளையத்தின் வழியாகத்தான். அந்த வளையமும் பனி முழுவதையும் தொடுவதில்லை. ஆட்டத்துக்குமுன் பனி பராமரிப்பவர் முதுகில் நீர்க்கலமும் கையில் பூவாளியுமாகத் தடத்தின்மேல் பின்னோக்கி நடந்து, உப்பு நீக்கிய வெந்நீரைத் துளித்துளியாகத் தூவுகிறார். விழுந்த துளிகள் விழுந்த இடத்திலேயே சிறு கொப்புளங்களாக உறைகின்றன. அவற்றின் உச்சிகளை ஒரு கத்தியால் சீவிச் சமன்செய்துவிடுகிறார். கல் ஓடுவது இந்தக் கொப்புளங்களின் தலைமேல்தான். வழவழவென்ற தட்டையான பனியில் விட்டால் கல் பாதி வழியிலேயே படுத்துவிடும். தரையைக் கரடாக்குவதனாலேயே கல் நெடுந்தூரம் போகிறது என்பது, உராய்வைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததை மட்டும் நம்புகிறவருக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். தட்டையான பனியில் வளையம் முழுவதும் படிந்து, உருகிய நீர்ப்படலத்தினால் ஒட்டிக்கொள்கிறது. கொப்புளங்களிலோ தொடும் பரப்பு மிகச் சிறிது.

பனி ஏன் வழுக்குகிறது என்பதே தனி அத்தியாயத்துக்குரிய விஷயம். அழுத்தத்தினால் பனி உருகி நீராவதே காரணம் என்ற பழைய விளக்கம் இன்றும் பல பாடநூல்களில் உயிரோடு இருக்கிறது. ஆனால் உருகுநிலையை ஒரு டிகிரி தாழ்த்துவதற்கே நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டுமென்ற கணக்கைப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. பனியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் உள்ளிருப்பவைபோல இறுகப் பிணைக்கப்படாமல் தளர்ந்திருப்பதை ஃபாரடே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஊகித்தார். அதோடு உராய்வினால் பிறக்கும் உஷ்ணமும் சேருகிறது. நமக்கு இங்கே வேண்டிய உண்மை வேறொன்று. உலர்ந்த தரையில் வேகம் எவ்வளவாயினும் உராய்வு ஏறக்குறைய மாறாதிருக்க, பனியில் மட்டும் கல்லின் வேகம் குறையக் குறைய உராய்வுக் குணகம் ஏறிக்கொண்டே போகிறது. நொடிக்கு 2 மீட்டர் அளவான வேகத்தில் கையைவிட்ட கல், ஹாக் கோடுகளுக்கு இடையிலுள்ள 22 மீட்டரை 14 அல்லது 15 நொடியில் கடந்துவிட்டு, மிஞ்சிய ஆறு மீட்டர் சொச்சத்துக்கு ஏறக்குறைய 10 நொடி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பத்து நொடியில்தான் அது பெரும்பாலும் வளைகிறது.

வளைவின் புதிர் இனித் தொடங்குகிறது. ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து, வழுவழுப்பான மேஜைமேல், மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுழற்சியில் சுழலும்படி முன்னோக்கித் தள்ளிவிட்டால் அது இடப்பக்கம் ஒதுங்கும். காரணம் எளிது: உராய்வு பின்னுக்கு இழுப்பதனால் தம்ளரின் பாரம் முன்விளிம்பில் சாய்கிறது, அவ்விளிம்பு வலப்பக்கமாக நகர்வதால் அங்கே மிகும் உராய்வு தம்ளரை இடப்பக்கம் தள்ளுகிறது. ஆனால் கர்லிங் கல்லையோ அதே கடிகாரச் சுழற்சியோடு விட்டால் வலப்பக்கம் வளைகிறது! இன்னும் விசித்திரம், கல் தன் பயணத்தில் இரண்டே தடவை சுற்றினாலும் பல தடவை சுற்றினாலும் வளைவின் அளவு அதிகம் மாறுவதில்லை. ஒரு மீட்டர், சில சமயம் ஒன்றரை மீட்டர்.

கனடாவின் சாஸ்காச்சுவானில் ஹாரிங்டன் என்ற பேராசிரியர் 1924-இல் இந்த அசைவுகளை அளந்து வெளியிட்டார். பின்னர் வந்த ஷெகெல்ஸ்கி முதலிய கனடா அறிஞர்கள், முன்விளிம்பு அழுத்தத்தோடு உரசுவதால் அங்கே அதிக நீர் பிறந்து உராய்வு குறைகிறது, அதனால் பின்விளிம்பின் கை ஓங்குகிறது என்று தம்ளரின் தர்க்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். 2013-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து நைபெரியும் அவர் தோழர்களும் வேறொன்று சொன்னார்கள்: வளையத்தின் முன்பாதியிலுள்ள நுண்ணிய முரடுகள் கொப்புளங்களின்மேல் சாய்வான கீறல்களை உண்டாக்க, பின்பாதி அக்கீறல்களின் வழியே இழுபட்டுப் பக்கவாட்டில் போகிறது. அடிப்பாகத்தை மெருகேற்றிப் பளபளப்பாக்கிய கல் ஏறக்குறைய வளையாமலே போனதும், பனியில் வேண்டுமென்றே கீறல் போட்டுக் கல்லைத் திருப்ப முடிந்ததும் அவர்களுக்குச் சாட்சியாயின. ஷெகெல்ஸ்கியும் லொஸோவ்ஸ்கியும் 2016-இல், கல் கொப்புளங்களில் கணநேரம் ஒட்டிச் சுழன்று விடுபடுவதே காரணம் என்றார்கள். ஜப்பானின் ரிக்கியோ பல்கலைக்கழகத்து முராதா, நூற்றுக்கு மேற்பட்ட கற்களின் ஓட்டத்தைப் படம்பிடித்து நுணுக்கமாக அளந்து, பனியைச் சார்ந்து மெதுவாக நகரும் பக்கத்தில் கல் அதிகமாகப் பற்றிக்கொண்டு அதை அச்சாகக் கொண்டு திரும்புகிறது என்று 2022-இல் வெளியிட்டார். இவற்றுள் எனக்குப் பட்சம் கேட்டால் உப்சாலாக்காரரின் பக்கம் சாய்வேன். ஆனால் வேகத்தோடு உராய்வு மாறும் விதத்தை அவர்கள் கணக்கில் கொண்டுவந்தது போதுமா என்ற சந்தேகம் நியாயமானதே.

சாஸ்திரிகள் இப்படி வழக்காடிக்கொண்டிருக்க, 1990-இல் பெர்த் நகரில் பிறந்து, பிளேர் அத்தோல் ஊரின் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்த ஒரு சிறுமி, வளைவைக் கையால் கற்றுக்கொண்டிருந்தாள். தகப்பனார் கோர்டன் மியூர்ஹெட் உலகப் போட்டிகளில் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர். தமையனும் தம்பியும் அந்த விளையாட்டுக்கே வந்தார்கள். ஈவுக்குக் கோல்ஃபும் பைப் வாத்தியமும் கைவந்த கலைகள். அவருக்குப் பதினோரு வயதாகியிருந்த 2002-இல், சால்ட் லேக் நகர ஒலிம்பிக்கில் ரோனா மார்ட்டின் என்ற ஸ்காட்டியப் பெண்மணி சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கடைசிக் கல்லினால் தங்கம் வென்றார். அந்த மார்ட்டினே பின்னாளில் ஈவின் அணிக்குப் பயிற்சியாளரானார்.

கல் விடும் காட்சியைச் சற்று அருகே நின்று பார்க்க வேண்டும். வலக்கைக்காரராகிய மியூர்ஹெட், தடத்தின் கோடியில் பதிக்கப்பட்ட ரப்பர் மிதியில் வலக்காலை ஊன்றி உந்துகிறார். வழுக்குத்தகடு தைத்த இடக்காலணி மார்புக்கு நேர்கீழே வந்துநிற்க, உடலின் பாரம் முழுவதும் அந்த ஒரு பாதத்தின்மேல் தாழ்ந்து, வலக்கால் பின்னே நீண்டு இழுபடுகிறது. கண் எதிர்க்கோடியில் துடைப்பத்தைக் குறியாகப் பிடித்திருக்கும் தோழியின்மேல். விரல்களால் மட்டுமே பற்றிய கைப்பிடி, கடிகார முகத்தில் பத்து மணியைக் காட்டும் நிலையிலிருந்து பன்னிரண்டுக்கு மெல்லத் திரும்ப, அந்தத் திருப்பம் முடியும் கணத்திலேயே கை அகல்கிறது. ஓராண்டில் ஆயிரக்கணக்கான தடவை இடுப்பெலும்பின் மூட்டை அதன் எல்லைவரை மடக்கும் இந்த ஆசனம் இலவசமாக வருவதில்லை. 2018-இல், வெண்கலம் கைநழுவிய அதே ஆண்டில், மியூர்ஹெட் இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது.

கல் விடுபட்டபின் வேலை துடைப்பக்காரர்களுடையது. பாமரர் கண்ணுக்கு வேடிக்கையாகத் தோன்றும் அந்தத் துடைப்பு, கொப்புளங்களின் உச்சியைக் கணநேரம் உஷ்ணப்படுத்தி உராய்வைக் குறைக்கிறது. வலுவான துடைப்பினால் கல் இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாகப் போகிறது, வளைவும் தாமதமாகிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜேன் பிளாக்ஃபோர்டு முதலியோர், துடைப்பத்திலேயே உணர்கருவிகளைப் பொருத்தி, ஆட்டக்காரர் எவ்வளவு விசையோடு எவ்வளவு விரைவாகத் தேய்க்கிறார் என்பதை அளந்து பயிற்சிக்கு உதவினார்கள். 2015-இல் துணியின் முரட்டுத்தன்மையினால் பனியைக் கீறிக் கல்லை விரும்பிய பக்கம் திருப்பும் துடைப்பங்கள் வந்து பெரிய சச்சரவு மூண்டது. உப்சாலாக்காரர் பரிசோதனைச்சாலையில் கண்டதை ஆடுகளம் கையோடு செய்துகாட்டியது போலாயிற்று. மறு ஆண்டே உலகக் கர்லிங் சம்மேளனம் துணிக்கு ஒரே நியமம் வகுத்து அந்தக் கலகத்தை அடக்கியது.

மியூர்ஹெட்டின் விளையாட்டு வாழ்க்கையில் ஏற்றம் சீக்கிரமே வந்தது. நான்கு முறை உலக இளையோர் பட்டம். 2010-இல், பத்தொன்பது வயதிலேயே, வான்கூவர் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் அணியின் தலைமை. அங்கே அணி அரையிறுதியை எட்டவில்லை. 2013-இல் லாட்வியாவின் ரீகா நகரில் சுவீடனை 6-5 என்று வென்று உலகச் சாம்பியன் ஆனார். மறு ஆண்டு சோச்சியில் சுவிட்சர்லாந்தை அதே 6-5 கணக்கில் வென்று ஒலிம்பிக் வெண்கலம். அதற்குப் பின்னர் வந்த கங்னுங் இரவைப் பற்றி முன்பே சொன்னோம். அங்கே அவர் செய்த தேர்வு தவறு என்று எழுதியவர்கள் உண்டு. என் நோக்கில் தேர்வு தவறன்று. கூடுதல் சுற்றில் கடைசிக் கல்லின் அனுகூலம் எதிராளிக்குப் போயிருக்கும். கடைசிக் கல்லை உடையவருக்கே இவ்விளையாட்டில் வெற்றி வாய்ப்பு அதிகம். கையிலிருக்கும் அனுகூலத்தைக் கைவிடாமல் அதைக்கொண்டே முடிவு காண முயன்றது நல்ல கணக்கு. கணக்கு நல்லதாக இருந்தும் விடை வராமற்போவது பரிசோதனைச் சாலையிலும் நடப்பதுதான்.

அடுத்த நான்கு ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை. 2021 உலகப் போட்டியில் ஸ்காட்லாந்து எட்டாவது இடத்தில் முடிந்ததனால் ஒலிம்பிக் இடம் நேரடியாகக் கிட்டவில்லை. அணியைக் கலைத்துப் புதிதாகக் கூட்டினார்கள்: விக்கி ரைட் என்ற செவிலி, ஜெனிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், உதவியாளராக மிலி ஸ்மித். அந்த அணி ஐரோப்பியப் பட்டத்தை வென்று, டிசம்பரில் நெதர்லாந்தின் லேயூவார்டன் நகரில் நடந்த தகுதிச் சுற்றில் தேறி, கடைசி நேரத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு வழி தேடிக்கொண்டது.

பெய்ஜிங்கில் முதற்கட்ட ஆட்டங்கள் முடிந்தபோது பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் ஐந்து வெற்றியும் நான்கு தோல்வியுமாக ஒரே நிலையில் நின்றன. ஒன்றையொன்று வென்ற கணக்கும் சமம். மிஞ்சிய இரண்டு அரையிறுதி இடங்களை எதைக்கொண்டு தீர்த்தார்கள் என்பதே இந்த அத்தியாயத்துக்கு மிக இசைவான செய்தி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், யாருக்கு முதல் சுற்றில் கடைசிக் கல் என்பதை முடிவுசெய்ய, இரு அணியும் மையத்தை நோக்கித் தனியே கற்களை விடுவார்கள். கல் நின்ற இடத்துக்கும் மையத்துக்கும் உள்ள தூரம் அளக்கப்படும். அந்த அளவுகளின் சராசரியில் பிரிட்டனும் ஜப்பானும் முந்தின. சோச்சியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தங்கம் வென்ற ஜெனிஃபர் ஜோன்ஸின் கனடா, சராசரியில் சில சென்டிமீட்டர் பின்தங்கி வீடு திரும்பியது. எதிராளியின் கல் ஒன்றுகூடக் குறுக்கே இல்லாத, பனியும் கையும் மட்டுமே சம்பந்தப்பட்ட பரீட்சை அது. உராய்வு வேகத்தோடு எப்படி மாறுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதத் தெரியாவிட்டாலும், கல் எங்கே நிற்கும் என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரியின் கை ஒரு முழத்துக்குள் சொல்லிவிடுகிறது.

அரையிறுதியில் முதல் சுற்றிலேயே சுவீடன் 4 புள்ளிகளை அள்ளிக்கொண்டது. அப்படித் தொடங்கிய ஆட்டத்தைப் பிரிட்டன் கூடுதல் சுற்றில் 12-11 என்று வென்றது. பிப்ரவரி 20-ஆம் தேதி இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர், நான்கு ஆண்டுகளுக்குமுன் வெண்கலத்தைப் பறித்த அதே ஜப்பானிய அணித்தலைவி சத்சுகி ஃபுஜிசாவா. ஏழாவது சுற்றில் மியூர்ஹெட்டின் கல் 4 புள்ளிகளைக் கொண்டுவந்தபின் ஆட்டத்தில் உயிர் இல்லை, 10-3. பிரிட்டன் அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் பெற்ற ஒரே தங்கம் அது.

அவ்வாண்டிலேயே பாபி லாமியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் உலகப் பட்டத்தையும் வென்ற மியூர்ஹெட், ஆகஸ்டில், முப்பத்திரண்டு வயதில், போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் 2026 மிலான்-கார்டினா குளிர்கால ஒலிம்பிக்குக்குச் செல்லும் பிரிட்டிஷ் குழு முழுவதற்கும் தலைவராக நியமிக்கப்பட்டார். கல் ஏன் வலப்பக்கம் வளைகிறது என்ற கேள்வியில், எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இன்னும் வந்தபாடில்லை.